கொரகொரக்கும் மரியோ - எமுலேட்டர்களின் சத்தக் கதை

1998, 99 வாக்கில் ஒரு பென்டியம் கம்ப்யூட்டரில் சூப்பர் நின்டெண்டோ விளையாட்டைப் போட்டுப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுபவம்தான். படம் கிட்டத்தட்ட சரியாக வரும். மரியோ ஓடுவார், குதிப்பார், ஆமையை மிதிப்பார். ஆனால் பாட்டு? டேப் ரெக்கார்டரில் நாடா சிக்கிக்கொண்ட மாதிரி கொரகொரவென்று இழுக்கும். இருக்கிற செட்டிங்கை எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் சத்தத்தையே அணைத்துவிட்டு ஊமைப்படமாக விளையாடியவர்கள் ஏராளம்.

ஏன் எப்போதும் சத்தம்தான் முதலில் கெட்டுப்போகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனவர்களின் கதை, கிட்டத்தட்ட முப்பது வருடக் கதை. அதில் சண்டை உண்டு, பிடிவாதம் உண்டு, கொஞ்சம் வேடிக்கையும் உண்டு.

முதலில் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. எமுலேட்டர் என்பது ஒரு கம்ப்யூட்டரை இன்னொரு கருவி மாதிரி நடிக்க வைக்கும் மென்பொருள். கன்சோலுக்குள் இருக்கும் ஒவ்வொரு சில்லும் என்ன செய்யுமோ அதை இது கணக்குப் போட்டுச் செய்து காட்டும். பழைய கருவிதானே, சுலபமாக இருக்கும் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

ஒரு பெட்டி, இரண்டு கம்ப்யூட்டர்

சூப்பர் ஃபேமிகாம் ஜப்பானில் 1990 நவம்பர் 21 அன்று 25,000 யென் விலையில் விற்பனைக்கு வந்தது. மற்ற நாடுகளில் இதற்குத்தான் சூப்பர் நின்டெண்டோ என்று பெயர். அதன் ஒலிப் பகுதியைச் செய்தது நின்டெண்டோ இல்லை, சோனி! சோனியில் பொறியாளராக இருந்த கென் குடராகி, தன் மகள் பழைய ஃபேமிகாமில் விளையாடுவதைப் பார்த்துவிட்டு இந்தத் துறையில் ஆர்வம் கொண்டவர். மேலதிகாரிகளில் பலருக்குத் தெரியாமல் நின்டெண்டோவுக்காக ஒலிச் சில்லு வேலையில் இறங்கினார். விஷயம் வெளியே வந்தபோது பெரிய கலாட்டா. சோனித் தலைவர் நோரியோ ஓகா பக்கபலமாக நின்றதால் தப்பினார். இதே குடராகிதான் பிற்பாடு பிளேஸ்டேஷனின் தந்தை என்று அழைக்கப்பட்டவர்.

அவர் கொடுத்தது வெறும் ஒலிச் சில்லு மட்டுமல்ல, தனியாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதற்கென்று எஸ்பிசி700 என்ற பிராசஸர், அதற்கென்று 64 கிலோபைட் நினைவகம், எட்டுக் குரல்களை ஒரே நேரத்தில் கலந்து கொடுக்கும் டிஎஸ்பி சில்லு. விநாடிக்கு 32,000 மாதிரிகள். எதிரொலி வசதிகூட உள்ளேயே உண்டு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் கடிகாரம். கன்சோலின் முக்கிய பிராசஸர் 21.477 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்திலிருந்து ஓடுகிறது. ஒலிப் பகுதிக்கோ 24.576 மெகாஹெர்ட்ஸில் அதிரும் தனிக் கடிகாரம். இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டுகிற மாதிரி. இரண்டும் பேசிக்கொள்ள நான்கே நான்கு ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் ஒரு பைட் வைக்கலாம், எடுக்கலாம், அவ்வளவுதான்.

கன்சோலைப் போட்டதும் ஒலிப் பிராசஸர், தன்னிடம் உள்ள 64 பைட் நீளமுள்ள ஒரு குட்டி நிரலை ஓட்டும். (கிலோபைட் இல்லை, வெறும் பைட்தான்!) தயாரானதும் இரண்டு ஜன்னல்களில் ஏஏ, பிபி என்ற இரண்டு எண்களை வைக்கும். "நான் ரெடி" என்று அர்த்தம். அதைப் பார்த்த முக்கிய பிராசஸர் சிசி என்று பதில் எழுதும். பிறகுதான் பாட்டும் இசைக்கருவிகளும் பைட் பைட்டாக அந்தப் பக்கம் போகும்.

எமுலேட்டர் எழுதுகிறவர் சத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? விளையாட்டு ஏஏ, பிபிக்காகக் காத்திருக்கும். காத்திருந்துகொண்டே இருக்கும். திரை கறுப்பாக நிற்கும். சத்தமே கேட்காத எமுலேட்டருக்குக்கூட ஒலிப் பிராசஸர் தேவைப்பட்டது! ஆரம்ப காலத்தில் பலர் போலியாகப் பதில் சொல்லித் தப்பித்தார்கள். விளையாட்டு எந்த எண்ணை எதிர்பார்க்கும் என்று ஊகித்து அதை நீட்டுவது. சில விளையாட்டுகள் ஏமாந்தன, சில ஏமாறவில்லை.

கண் மன்னிக்கும், காது மன்னிக்காது

1997 எமுலேட்டர்களின் வருடம். முந்தைய தலைமுறைக் கருவியான என்இஎஸ்ஸுக்கு நெஸ்டிகிள் அந்த ஏப்ரலில் வந்தது. சூப்பர் நின்டெண்டோவுக்கு இசட்ஸ்நெஸ் வந்தது. கேரி ஹெண்டர்சனின் ஸ்நெஸ்96, ஜெரமி கூட்டின் ஸ்நெஸ்97 இரண்டும் கைகோத்து ஸ்நெஸ்9எக்ஸ் ஆனது.

இவற்றில் இசட்ஸ்நெஸ் வேகத்துக்குப் பேர்போனது. இன்டெல் வகை பிராசஸர்களுக்கான அசெம்பிளி மொழியிலேயே பெரும்பகுதி எழுதப்பட்டது. அந்தக் காலக் கம்ப்யூட்டரில் முழு வேகத்தில், சத்தத்தோடு ஓடியது. அதற்காக என்னென்ன குறுக்குவழி உண்டோ அத்தனையும் எடுத்திருந்தார்கள். குறை சொல்ல முடியாது. அந்தக் குறுக்குவழிகள் இல்லையென்றால் அன்றைய கம்ப்யூட்டரில் விளையாட்டே ஓடியிருக்காது.

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். சவுண்ட் கார்டு ஒரு குழாய் மாதிரி. மேலே ஒரு சின்னத் தொட்டி, அதற்குத்தான் பஃபர் என்று பெயர். எமுலேட்டர் தொட்டியில் மாதிரிகளை ஊற்றுகிறது, கார்டு கீழே ஒரே சீராகத் திறந்துவிடுகிறது. கார்டு யாருக்காகவும் காத்திருக்காது. தொட்டி காலியானால் அந்த இடத்தில் மௌனம், அல்லது பழைய மாதிரிகளே திரும்ப ஒலிக்கும். அந்த வெட்டுதான் நம் காதில் 'டிக்' என்றும் 'கொர்' என்றும் கேட்கிறது.

சூப்பர் நின்டெண்டோ விநாடிக்கு சுமார் 60 படம் காட்டும். ஒரு படத்துக்கு ஏறத்தாழ 533 ஒலி மாதிரிகள் சேரும். கம்ப்யூட்டர் திணறி விநாடிக்கு 50 படம்தான் போட முடிகிறது என்றால், படம் கொஞ்சம் மெதுவாக நகரும். கண் "பரவாயில்லை" என்று விட்டுவிடும். ஆனால் ஒலியில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகிறது. விநாடிக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இல்லை! ஒரு விநாடியில் ஒரு படம் தாமதமானால்கூட, தொட்டி சிறியதாக இருந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

அதனால்தான் ஃப்ரேம் ஸ்கிப் என்ற வித்தை வந்தது. வேலை அதிகமானால் படம் வரைவதைத் தவிர்த்துவிடு, விளையாட்டுக் கணக்கையும் ஒலியையும் மட்டும் தொடர்ந்து செய். கண்ணை ஏமாற்றிக் காதைக் காப்பாற்றுவது. இன்னொரு வழி, தொட்டியைப் பெரிதாக்குவது. கொரகொரப்பு நிற்கும், ஆனால் மரியோ குதித்துக் கீழே வந்தபிறகு குதிக்கிற சத்தம் கேட்கும். இன்னொன்று, ஒலித் தரத்தை 22,050க்கோ 11,025க்கோ குறைப்பது. வேலை குறையும், பாட்டு தொலைபேசியில் கேட்கிற மாதிரி ஆகிவிடும். மூன்றில் எதை எடுத்தாலும் ஒன்றை இழக்கத்தான் வேண்டும்.

வேகமான கம்ப்யூட்டரிலும் கொரகொரப்பு!

பிறகு பென்டியம் 4 வந்தது, இரட்டை கோர் வந்தது. எமுலேட்டர் பத்து சதவீத பிராசஸரைக்கூட எடுப்பதில்லை. ஆனாலும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை 'டிக்' சத்தம். பலர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். சவுண்ட் டிரைவரை மாற்றினார்கள், கார்டையே மாற்றினார்கள். 2007ல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது ஒலி அமைப்பையே மைக்ரோசாஃப்ட் திருத்தி எழுதி, டைரக்ட்சவுண்டுக்கு இருந்த வன்பொருள் உதவியை எடுத்துவிட்டது. அதனால் பழி முழுக்க விஸ்டா மேல் விழுந்தது. விஸ்டா மேல் எந்தப் பழியும் பொருந்தும் என்பது வேறு விஷயம் :-)

உண்மையான காரணம் ஒரு சின்னக் கணக்கில் ஒளிந்திருந்தது. சூப்பர் நின்டெண்டோ விநாடிக்கு 60 படம் காட்டுவதில்லை. துல்லியமாகச் சொன்னால் 60.0988. கம்ப்யூட்டர் மானிட்டர் 60. படம் கிழியாமல் வரவேண்டும் என்று விசிங்க் வசதியைப் போட்டால், எமுலேட்டர் மானிட்டரின் தாளத்துக்கு ஆட வேண்டும். அதாவது விநாடிக்கு 60 படம்தான்.

ஒலிப் பகுதி உண்மையில் 32,040 மாதிரிகள் தருவதாக அளந்திருந்தார்கள். அதை 60.0988ஆல் வகுத்தால் படத்துக்கு 533.12. அப்படி 60 படம் என்றால் 31,987 மாதிரிகள். சவுண்ட் கார்டு கேட்பதோ 32,040. ஒவ்வொரு விநாடியும் சுமார் 53 மாதிரிகள் பற்றாக்குறை. தொட்டியில் 64 மில்லிவிநாடிக்கான சரக்கு, அதாவது ஏறத்தாழ 2,050 மாதிரிகள் இருந்தால், 39 விநாடியில் தொட்டி காலி. 'டிக்'!

இதற்கு எவ்வளவு வேகமான பிராசஸர் வாங்கினாலும் பயனில்லை. விசிங்கை அணைத்தால் சத்தம் சுத்தமாகும், ஆனால் படம் குலுங்கும். படமா, பாட்டா என்று பல வருடங்கள் ஆளுக்கொன்றைத் தியாகம் செய்து விளையாடினார்கள்.

தப்பான பாட்டே சரியான பாட்டாக

இதுவரை சொன்னது வெட்டுப்படும் சத்தம். இன்னொரு வகைக் கோளாறு உண்டு. சத்தம் சுத்தமாக வரும், ஆனால் பாட்டே தப்பு. ஒரு கருவி வாசிக்காது, ஒரு வெடிச்சத்தம் பாதியில் நிற்கும், விளையாட்டு நடுவில் உறைந்துபோகும். காரணம் அந்த இரண்டு கடிகாரங்கள்தான். பழைய எமுலேட்டர்கள் முக்கிய பிராசஸரைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு, பிறகு ஒலிப் பிராசஸரைக் கொஞ்ச நேரம் ஓட்டும். உண்மைக் கருவியில் இரண்டும் ஒரே சமயத்தில் ஓடுபவை. 1995 டிசம்பரில் வந்த டேல்ஸ் ஆஃப் ஃபேன்டேசியா மாதிரி, ஆரம்பத்தில் மனிதக் குரலில் முழுப் பாட்டே பாடும் விளையாட்டு என்றால், 64 கிலோபைட் நினைவகத்துக்குள் பாட்டைத் துண்டுதுண்டாக விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் நேரம் தவறினால் கதை முடிந்தது.

ஸ்நெஸ்9எக்ஸ் இதற்குச் செய்த வைத்தியம், எந்த விளையாட்டு என்று பெயரைப் பார்த்து அதற்கேற்ப ஒலிப் பிராசஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. இந்த நோயாளிக்கு இந்த மாத்திரை என்கிற மாதிரி. புகழ்பெற்ற விளையாட்டுகளுக்கு மாத்திரை உண்டு. யாரும் கண்டுகொள்ளாத விளையாட்டுகள் அப்படியே கிடந்தன.

இதைப் பார்த்துக் கொதித்த ஒருவர் பையூ என்ற புனைபெயரில் 2004ல் பிஸ்நெஸ் என்ற எமுலேட்டரை எழுத ஆரம்பித்தார். கொள்கை எளிமையானது. எந்த விளையாட்டுக்கும் தனிச் சலுகை கிடையாது. கருவி என்ன செய்கிறதோ அதை அப்படியே செய்ய வேண்டும், செய்தால் எல்லா விளையாட்டும் தானாக ஓடும். அனோமி என்ற பெயரில் எழுதியவரின் தொழில்நுட்பக் குறிப்புகள் அவருக்கு உதவின. ஒலிப் பக்கம் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தவர் ப்ளார்க் என்ற புனைபெயர்க்காரர். உண்மையான கன்சோலில் நூற்றுக்கணக்கில் சோதனை நிரல்களை ஓட்டி, ஒரு ஒலி மாதிரி உருவாகும் 32 துடிப்புகளில் டிஎஸ்பி சில்லு எந்தத் துடிப்பில் என்ன செய்கிறது என்று படம் போட்டுவிட்டார். 2007 வாக்கில் கம்ப்யூட்டரில் வரும் ஒலி, கன்சோலில் வரும் எண்களோடு பிட்டுக்குப் பிட் ஒத்துப்போனது.

விலை? வேகம்! 2011 ஆகஸ்டில் ஆர்ஸ் டெக்னிகா தளத்தில் பையூ எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 3 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. அவ்வளவு வேகமான பிராசஸர் வேண்டுமாம், சில மெகாஹெர்ட்ஸில் ஓடிய ஒரு பழைய கருவியை நடிக்க வைக்க! இசட்ஸ்நெஸ் ரசிகர்கள் சிரித்தார்கள். "எங்கள் பழைய பென்டியமிலேயே இதெல்லாம் ஓடுகிறதே, உனக்கு நிரல் எழுதத் தெரியவில்லை" என்கிற ரீதியில் வாதம் போனது. சிரித்தவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. புதுக் கம்ப்யூட்டர் வாங்க முடியாதவனுக்குத் துல்லியம் என்பது பணக்காரன் பொழுதுபோக்குதான். ஆனால் கன்சோல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கும்போது, அவை எப்படி ஒலித்தன என்பதற்கு ஒரு சரியான பிரதி எங்காவது இருக்க வேண்டும் என்ற பையூவின் வாதம்தான் கடைசியில் நின்றது. ஸ்நெஸ்9எக்ஸும் தன் பழைய ஒலிப் பகுதியைத் தூக்கிப்போட்டுவிட்டு ப்ளார்க் எழுதியதையே எடுத்துக்கொண்டது. அசெம்பிளியில் கட்டிய இசட்ஸ்நெஸ்ஸின் கடைசிப் பதிப்பு 1.51, 2007 ஜனவரியில் வந்ததோடு சரி.

கதையின் சுவையான திருப்பம் இதற்குப் பிறகுதான். டிஎஸ்பி எதிரொலி உண்டாக்கும்போது, பழைய ஒலியை அதே 64 கிலோபைட் நினைவகத்தில்தான் எழுதி வைக்கும். நிரல், இசைக்கருவி, எதிரொலி எல்லாம் ஒரே அறையில் குடித்தனம். இசட்ஸ்நெஸ் எதிரொலியைத் தனியாக வேறு இடத்தில் வைத்துக்கொண்டது. அன்றைக்கு யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஆனால் சூப்பர் மரியோ வேர்ல்டைத் திருத்திப் புதிய கட்டங்களும் புதிய பாட்டுகளும் சேர்க்கும் ரசிகர் கூட்டம் ஒன்று இருந்தது. அவர்கள் இசட்ஸ்நெஸ்ஸில் மட்டுமே சோதித்தார்கள். எதிரொலிக்கு எவ்வளவு இடம் கேட்டாலும் அங்கே ஒன்றும் ஆகாது. அதையே உண்மைக் கன்சோலிலோ பிஸ்நெஸ்ஸிலோ போட்டால், எதிரொலி தன் பாட்டுக்குப் பரவி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மேலேயே எழுதிவிடும். பயங்கர இரைச்சல், பிறகு மௌனம், பிறகு விளையாட்டே நின்றுவிடும்.

பாடுபட்டு மாதக்கணக்கில் செய்த படைப்புகள், தப்பான எமுலேட்டரில் மட்டுமே உயிரோடு இருக்கும் நிலை. அவற்றைச் செய்தவர்கள் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள். பலர் அந்தப் பக்கமே திரும்பாமல் போய்விட்டார்கள், திருத்திக் கொடுக்க ஆளில்லை. கடைசியில் ஸ்நெஸ்9எக்ஸ், எதிரொலியைத் தனி இடத்தில் வைக்கும் பழைய தப்பை ஒரு விருப்பத் தேர்வாகச் சேர்த்தது. சலுகையே கிடையாது என்று ஆரம்பித்த பிஸ்நெஸ்ஸும் பிற்காலப் பதிப்புகளில் அதே வசதியைச் சேர்த்தது! ஒரு எமுலேட்டரின் பிழையை இன்னொரு எமுலேட்டர் எமுலேட் செய்கிறது.

அரை சதவீதப் பொய்

அந்த 53 மாதிரிப் பற்றாக்குறை என்ன ஆயிற்று? 2012ல் ஹான்ஸ்-கிறிஸ்டியன் ஆர்ன்ட்சென் என்பவர் ஒரு சிறு ஆய்வுக் குறிப்பு எழுதினார். ரெட்ரோஆர்க் என்ற மென்பொருளின் பின்னால் இருந்தவர் அவர். யோசனை எளிது. தொட்டியில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று ஒவ்வொரு படத்துக்கும் பார். பாதிக்குக் கீழே போனால் ஒலியைக் கொஞ்சூண்டு நீட்டு. பாதிக்கு மேலே போனால் கொஞ்சூண்டு சுருக்கு. அதிகபட்சம் அரை சதவீதம். சுருதி மாறுமே என்றால், மாறும்தான், ஆனால் அரைச்சுரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தேர்ந்த இசைக்காரருக்கும் விளையாட்டு மும்முரத்தில் தெரியாது. விசிங்கும் இருக்கும், 'டிக்'கும் வராது. பத்து வருடம் படமா பாட்டா என்று அடித்துக்கொண்டதற்கு, இரண்டும்தான் என்று பதில்.

இதே சமயத்தில் கேம்க்யூப், வீ கன்சோல்களுக்கான டால்ஃபின் எமுலேட்டரில் எதிர்த்திசையில் ஒரு ரகளை நடந்தது. அதில் பழைய ஒலிமுறை, விளையாட்டின் வேகத்தோடு சம்பந்தமில்லாமல் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திணறி விளையாட்டு பாதி வேகத்தில் போனாலும் பாட்டு மட்டும் ஜோராக முழு வேகத்தில் பாடும். கேட்க இனிமை, ஆனால் விளையாட்டு எதிர்பார்க்கும் நேரத்தில் ஒலி முடியாததால் பல விளையாட்டுகள் உறைந்தன. 2013ல் அதைத் தூக்கிவிட்டு, விளையாட்டோடு ஒட்டி ஓடும் ஒலிமுறையைக் கொண்டுவந்தார்கள். உறைவது நின்றது. ஆனால் மெதுவான கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்குப் புதிதாகக் கொரகொரப்பு! "நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டீர்கள்" என்று புகார் மேல் புகார். உண்மையில் கம்ப்யூட்டர் முன்பும் திணறிக்கொண்டுதான் இருந்தது, பாட்டு அதை மறைத்திருந்தது.

2025ல் இந்தக் கதைக்கு இன்னொரு அத்தியாயம் சேர்ந்தது. எமுலேட்டரில் பொத்தான் அழுத்தங்களை ஒவ்வொரு படமாகப் பதிவுசெய்து, அதை டாஸ்பாட் என்ற இயந்திரம் மூலம் உண்மைக் கன்சோலில் ஓட்டிக் காட்டும் குழு ஒன்று இருக்கிறது. சில சூப்பர் நின்டெண்டோ விளையாட்டுகளில் மட்டும் பதிவு அடிக்கடி தடம் புரண்டது. காரணம் தேடினால், மறுபடியும் அந்த ஒலிக் கடிகாரம். விலை குறைவு என்பதால் அதற்கு குவார்ட்ஸ் படிகம் போடாமல் பீங்கான் அதிர்வியைப் போட்டிருந்தார்கள். சூடேறினால் அதன் வேகம் மாறும். பலரிடமிருந்து அளவுகளை வாங்கிப் பார்த்தபோது, நிறைய கன்சோல்கள் 32,000ஐ மட்டுமல்ல, எமுலேட்டர்கள் நம்பியிருந்த 32,040ஐயும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன. வயதாக ஆக வேகம் கூடுகிறதோ என்ற சந்தேகமும் எழுந்தது. ஒலிப் பகுதி கொஞ்சம் முந்திக்கொண்டால் முக்கிய பிராசஸர் அதற்காகக் காத்திருக்கும் நேரம் குறைகிறது. ஏதோ ஒரு கட்டம் ஒரு படம் முன்னதாகவே திறந்துவிடுகிறது. பதிவு செய்த பொத்தான் ஒரு படம் பிந்திப் போகிறது, மரியோ குழிக்குள் விழுகிறார்.